கச்சா காலனி, பக்கா ஓட்டு

மெஹ்ரோலி–பதர்பூர் சாலை தெற்கு தில்லியை இரண்டாக வகிர்ந்துகொண்டு போகிறது. வடக்கே ஜாமியா ஹம்தர்த் பல்கலைக்கழகத்தின் மரங்களும் நீண்ட சுற்றுச்சுவரும். தெற்கே சங்கம் விஹார். நடுவில் மெட்ரோ வேலைக்காகத் தடுத்து வைத்த தகரங்கள். கோவிந்த்புரியில் ரயிலை விட்டு இறங்கி, ‘கிராமின் சேவா’ என்று எழுதிய குட்டி வேனில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே இறங்க வேண்டும் என்று டிரைவர் கேட்கவில்லை. “கலி நம்பர்?” என்றார். தெரு எண் தெரியாமல் இந்த ஊருக்குள் நுழைவது சிரமம் என்பது உள்ளே போன கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது.

ஆசியாவிலேயே மிகப் பெரிய அங்கீகாரமற்ற குடியிருப்பு என்று பத்திரிகைகள் சங்கம் விஹாரைப் பற்றி எழுதும். ஆசியாவை யார் அளந்தார்கள் என்று கேட்கக்கூடாது. பெரியது என்பதில் சந்தேகமில்லை. இதன் பேரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருக்கிறது, காவல் நிலையம் இருக்கிறது, அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. வீட்டுக்கு வீடு மின்சார மீட்டர். எல்லார் ஆதார் அட்டையிலும் இந்த முகவரிதான். ஆனால் நகரத் திட்ட வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், 70களின் கடைசியில் தேவ்லி, திக்ரி கிராமத்து விவசாயிகள் விற்றுவிட்டுப் போன வயல்வெளி இது. கொஞ்சம் தெற்கே தள்ளிப் போனால் வனத்துறையின் நிலம்.

தெருவில் நுழைந்ததும் வெளிச்சம் குறைகிறது. மனை 25 கஜம், 50 கஜம் என்று அறுத்து விற்கப்பட்டிருக்கிறது. 50 கஜம் என்றால் நம் கணக்கில் ஒரு சென்ட்டும் கொஞ்சமும். அதன்மேல் மூன்று மாடி, நான்கு மாடி. தரைத்தளத்தில் மனையோடு நின்ற சுவர், முதல் மாடியில் இரண்டடி வெளியே வருகிறது. எதிர்வீட்டுக்காரரும் அதையே செய்திருக்கிறார். மேலே மிஞ்சும் வானத்தில் ஒயர்கள். வாசலுக்கு வாசல் நீல நிற டிரம். பழைய வீடுகள் பலவற்றில் தெருவிலிருந்து படி இறங்கி உள்ளே போக வேண்டியிருந்தது. முதலில் நிலத்தடித் தளம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு பெண்மணி வாசலில் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தார். வீடு கட்டும்போது மூன்று படி ஏறிப் போனோம் என்றார் சிரித்துக்கொண்டே. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் தெருவுக்கு ஒரு சுற்று கான்கிரீட் போடுவார்கள். பழையதைப் பெயர்ப்பதில்லை, அதன்மேலேயே போட்டுவிடுவார்கள். தெரு உயர உயர வீடு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க உள்ளேதான். “இன்னும் ரெண்டு எலெக்‌ஷன் வந்தா ஜன்னல் வழியாத்தான் ஏறிப் போகணும், பாய்சாப்.”

மனைத் தரகர்களின் கடை இல்லாத முனையே இல்லை. பாலும் பிரெட்டும் விற்கும் கடையில்கூட ‘பிராப்பர்ட்டி’ என்று ஓர் அட்டை தொங்குகிறது. அப்படி ஒரு கடையில் உட்கார்ந்து, வாங்குகிறவனைப் போலவும் இல்லாமல் பத்திரிகைக்காரனைப் போலவும் இல்லாமல் பேச்சுக் கொடுத்தேன். தரகருக்கு அறுபது வயதிருக்கும். பிகாரிலிருந்து ஆசியாட் வேலைக்கு, அதாவது 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலைக்கு, வந்தவர். ரிஜிஸ்ட்ரி உண்டா என்று கேட்டதும் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் போட்டார்.

உள்ளே ஐந்து காகிதங்கள். முத்திரைத்தாளில் ஒரு பொது அதிகாரப் பத்திரம், அதாவது நாம் ‘பவர்’ என்கிறோமே அது. விற்பதற்கான ஒப்பந்தம். பணம் பெற்ற ரசீது. இடத்தை ஒப்படைத்ததற்கு ஒரு கடிதம். ஐந்தாவதாக ஓர் உயில். விற்றவர் தன் காலத்துக்குப் பிறகு இந்த 50 கஜமும் இன்னாருக்குச் சேரட்டும் என்று எழுதி விரல் ரேகை வைத்திருக்கிறார். அந்த இன்னார் அவருக்கு மகனும் இல்லை, மருமகனும் இல்லை. பணம் கொடுத்து வாங்கியவர். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் செத்துப்போகும் என்பதால் இந்த முன்னேற்பாடு. அந்த இன்னார் இன்னொருவருக்கு விற்றபோது அவரும் ஓர் உயில் எழுதியிருக்கிறார். நான்கு கை மாறிய அந்த மனைக்கு நான்கு பேர், ரத்த சம்பந்தமே இல்லாத நான்கு பேருக்கு வாரிசுரிமை எழுதி வைத்திருந்தார்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று கேட்டுப் பழகிய எனக்கு அந்த உறையை மூடி வைக்க மனம் வரவில்லை.

விவசாயியும் வாங்கியவரும் ஏன் இப்படிச் சுற்றிவளைத்தார்கள் என்பதற்கு இரண்டு சட்டங்கள் காரணம். 1954-ன் தில்லி நிலச் சீர்திருத்தச் சட்டம், விவசாய நிலத்தைத் துண்டு துண்டாக விற்பதையும் வேறு பயனுக்கு மாற்றுவதையும் தடுத்தது. 1957-ல் பிறந்த தில்லி வளர்ச்சி ஆணையம், டி.டி.ஏ., நகரைச் சுற்றியுள்ள நிலத்தை மொத்தமாகக் கையகப்படுத்தி, 1962 மாஸ்டர் பிளான்படி தானே மனை போட்டுத் தானே வீடு கட்டித் தரும் என்று ஏற்பாடானது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொள்ளை லாபக்காரர்களிடமிருந்து நிலத்தைக் காப்பாற்றும் திட்டம். ஆனால் நகரத்துக்கு ஆள் வந்த வேகத்துக்கு டி.டி.ஏ. வீடு கட்டவில்லை, கட்டியதிலும் கூலிக்காரர்களுக்கானது கொஞ்சம்தான். என்றைக்கோ ஒருநாள் அரசு குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளப்போகிற நிலத்தை இன்றைக்கே கஜக் கணக்கில் விற்றுவிடலாம் என்று விவசாயி நினைத்தார். 2000-வது ஆண்டுக் கணக்குப்படி திட்டமிட்ட காலனிகளில் வாழ்ந்தவர்கள் தில்லி மக்களில் 24 சதவீதத்துக்கும் குறைவு. மற்ற நான்கில் மூன்று பேரும் ஜுக்கி என்னும் குடிசைப் பகுதி, மறுகுடியமர்வு காலனி, நகரக் கிராமம், அங்கீகாரமற்ற காலனி என்று அரசே பிரித்து வைத்திருக்கும் பெட்டிகளில் எதிலாவது ஒன்றில் இருந்தார்கள். நான்கில் மூன்று பேர் விதியை மீறினால் மீறியது யார் என்ற கேள்வி எனக்கு வருகிறது. தில்லியின் திட்டமிடல் அலுவலகங்களில் அது அவ்வளவாக வந்ததாகத் தெரியவில்லை.

அரசியல்வாதிகளுக்கு அது வேறு விதமாக வந்தது. இடிப்புகளுக்குப் பேர்போன நெருக்கடி நிலையின் கடைசியில், 1977-லேயே ஓர் அங்கீகாரக் கொள்கை வந்தது; 600-க்குச் சற்று மேற்பட்ட காலனிகளில் 567 அடுத்த சில வருடங்களில் அங்கீகாரம் பெற்றன. அதைப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பாடம் தெளிவானது: கட்டிவிட்டுக் காத்திருந்தால் போதும். 1993-ல் எண்ணியபோது புதிதாக 1,071 காலனிகள். 2008 அக்டோபரில், சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லாதபோது, 1,200-க்கும் மேற்பட்ட காலனிகளுக்குத் தற்காலிக அங்கீகாரச் சான்றிதழ்களைச் சோனியா காந்தி வழங்கினார். ஷீலா தீட்சித் மூன்றாம் முறை முதல்வரானார். 2012-ல் அவரது அரசு 895 காலனிகளுக்கு அங்கீகாரம் அறிவித்தது. அடுத்த வருடத் தேர்தலில் காங்கிரசுக்குக் கிடைத்தது எட்டு இடம். 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் 1,731 காலனிகளில் இருப்பவர்களுக்குச் சொத்துரிமை தரும் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு நன்றி சொல்ல ராம்லீலா மைதானத்தில் பிரதமருக்குக் கூட்டம் நடத்தினார்கள். ஒன்றரை மாதத்தில் தேர்தல் வந்தது, பா.ஜ.க.வுக்கும் கிடைத்தது அதே எட்டு.

ஆக, காகிதம் கொடுத்தால் ஓட்டு விழும் என்ற கணக்கு, நினைப்பதுபோல அவ்வளவு எளிதல்ல. இதைத் தரகரிடம் சொன்னேன். அவர் டீயை உறிஞ்சிவிட்டு, “காகிதத்துக்கு ஓட்டுப் போடறதில்ல ஜி. தண்ணி லாரிக்குப் போடறோம்” என்றார்.

தண்ணீர்தான் இங்கே நிஜமான அரசாங்கம். சில தெருக்களுக்குக் குழாய் வந்திருக்கிறது, பலவற்றுக்கு வரவில்லை. குடிநீர் வாரியமான ஜல் போர்டின் லாரி வருவதுண்டு. இல்லாவிட்டால் தனியார் போர்வெல்காரர் தன் குழாயைத் தெருக்கோடி வரை இழுத்து, முறை வைத்து, மாதச் சந்தாவுக்குத் தண்ணீர் விடுவார். அந்த முறை பத்து நாளைக்கு ஒருதரம் வந்தால் பெரிய விஷயம் என்றார் கோதுமை புடைத்த பெண்மணி. ஆம் ஆத்மி அரசு மாதம் 20,000 லிட்டர் இலவசம் என்றபோது, மீட்டரும் குழாயும் இல்லாத தெருவில் அதை எதில் அளப்பது? லாரி எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை வரும் என்பதைத் தீர்மானிக்கிறவர் பிரதான் என்று அழைக்கப்படும் உள்ளூர்ப் பெரியவர். அவருக்கு மேலே கவுன்சிலர். அதற்கும் மேலே எம்.எல்.ஏ. உரிமையாக இருந்திருக்க வேண்டியது, ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் செய்கிற உதவியாக வந்துசேர்கிறது. 2025 பிப்ரவரியில் இந்தத் தொகுதி கைமாறியது. வித்தியாசம் 344 ஓட்டு. நான்கைந்து தெருக்களுக்கு ஒரு வாரம் லாரி வராமல் போயிருந்தால் அந்த எண் எப்படி மாறியிருக்கும் என்று இங்கே எல்லாரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் கணக்கும் வேறு.

அப்படியானால் 2019 சட்டம் தந்த உரிமைப் பத்திரம் என்ன ஆயிற்று? பி.எம். உதய் என்று பேர். நிபந்தனைகள் ஏழைக்கு எட்டாதவையாக இல்லை. அரசு நிலத்தில் 100 சதுர மீட்டர் வரை உள்ள மனைக்கு வழிகாட்டி மதிப்பில் அரை சதவீதம். தனியார் நிலமென்றால் அதிலும் பாதி. ஆனாலும் ஐந்து வருடங்களுக்குப் பிறகும், 40 லட்சம் பேருக்குப் பயன் என்று அறிவித்த திட்டத்தில், பத்திரம் கையில் கிடைத்தவர்கள் லட்சத்தைத் தொடவில்லை. ‘பவர்’ பத்திரத்தின் சங்கிலியில் ஒரு கண்ணி காணாமல் போயிருந்தாலும் விண்ணப்பம் நிற்கிறது. முதலில் விற்ற விவசாயி எங்கே, இரண்டாவதாக விற்ற தையல்காரர் எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்குத் தெரியும்? இதற்கு நடுவே 2011-ல் உச்ச நீதிமன்றம் சூரஜ் லேம்ப் வழக்கில் பவர் பத்திரத்தின் மூலம் நடக்கும் விற்பனை உரிமை மாற்றமே ஆகாது என்று சொல்லியிருந்தது. நீதிமன்றம் செல்லாது என்ற காகிதத்தையே ஆதாரமாகக் கொண்டுவா என்று 2019 சட்டம் கேட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, வேறு எந்தக் காகிதமும் இங்கே இல்லை. ஆனால் அத்தனையும் கடந்து பத்திரம் வாங்கினாலும் மனைக்குத்தான் உரிமை. அதன்மேல் நிற்கும் நாலு மாடிக்குக் கட்டட அனுமதி கிடையாது.

இடிக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் தரகர் முதல் பெண்மணி வரை நான் கேட்ட குரல். அந்தப் பாதுகாப்பும் காகிதத்தில் இருக்கிறது, தவணை முறையில். 2006-ல் நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைப்பும் இடிப்பும் தொடங்கியபோது, ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லி நாடாளுமன்றம் ஒரு தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. அந்த ஓராண்டு இன்னும் முடியவில்லை. 2007, 2009, 2011 என்று புதுப்பித்தார்கள். பிறகு 2014, 2017, 2020, 2023 என்று மூன்று மூன்று வருடமாக நீட்டினார்கள். இப்போதைய கெடு 2026 டிசம்பர் 31. எந்தக் கட்சி ஆண்டாலும் நீட்டிப்புக்குக் கை தூக்குகிறது. நிரந்தரமாகச் சட்டமாக்கினால் அடுத்த தடவை கொடுக்க எதுவும் இருக்காதே என்று ஒரு சந்தேகப் பிராணி கேட்கலாம். நான் கேட்கிறேன்.

இந்த விளையாட்டு நமக்கும் தெரியாததல்ல. 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டதும், மறு வருடம் தமிழக அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்ததும், 2016 அக்டோபர் 20 என்ற தேதியைச் சுற்றி மனை வாங்கியவர்கள் அலைந்ததும் பலருக்கு நினைவிருக்கும். தேதி ஒன்றை நட்டு, அதற்கு முன் வந்தவன் குடிமகன், பின் வந்தவன் ஆக்கிரமிப்பாளன் என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். தில்லியில் அந்தத் தேதியும் நடந்துகொண்டே இருக்கிறது. 2002 மார்ச் 31 என்றார்கள். பிறகு 2014 ஜூன் 1 ஆனது.

சங்கம் விஹாரிலிருந்து மேற்கே ஆட்டோவில் கொஞ்ச தூரம் போனால் சைனிக் ஃபார்ம்ஸ். அதுவும் அங்கீகாரமற்ற காலனிதான். 60களில் ராணுவத்தினருக்கென்று விவசாய நிலத்தில் தொடங்கியது. இப்போது பெரும் பணக்காரர்களின் பங்களாக்கள். வாசலில் காவலாளி பேர் எழுதச் சொன்னார். யாரைப் பார்க்க வேண்டும் என்றார். பதில் இல்லாததால் மதிலோரமாக நடந்துவிட்டுத் திரும்பினேன். 2019 சட்டம் 69 வசதியான காலனிகளை ஒதுக்கிவைத்தது, இது அதில் ஒன்று. ஏழைக்கு உரிமை, பணக்காரருக்கு இல்லை என்று மேடையில் சொல்ல வசதியான ஏற்பாடு. இங்கே இருப்பவர்களின் குறை, வீட்டைப் பழுது பார்க்கக் கட்டுமானப் பொருள் கொண்டுவர முடியவில்லை, நீதிமன்றத் தடை இருக்கிறது என்பது. அவர்கள் பல வருடமாக வழக்காடுகிறார்கள். கூரை ஒழுகுவது யாருக்கும் கஷ்டம்தான். ஆனால் சங்கம் விஹாரின் மறுபக்கம் துக்ளகாபாத்தில், கோட்டையின் மதிலுக்குள் இருந்த நூற்றுக்கணக்கான வீடுகளைத் தொல்லியல் துறை 2023-ல் இரண்டு நாளில் இடித்தது. அங்கே வழக்காட அவ்வளவு அவகாசம் இருக்கவில்லை.

அங்கீகாரமற்ற காலனிக்காரர்களிடம் அந்த ஐந்து காகிதமாவது இருக்கிறது. அதுவும் இல்லாதவர்கள் ஜுக்கிகளில் இருப்பவர்கள். தமிழ் வாசகர்களுக்கு மதராசி கேம்ப் பேர் தெரிந்திருக்கும். ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய்க் கரையில், நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பல பத்தாண்டுகளாகத் தமிழர்கள் இருந்த இடம். கால்வாயைத் தூர்வார வழி வேண்டும் என்ற வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை, சுமார் 370 வீடுகளை இடித்தார்கள். அவற்றில் பாதிக்குச் சற்று மேல் மாற்று வீட்டுக்குத் ‘தகுதி’ பெற்றன. குடியிருப்பு 2006 ஜனவரி 1-க்கு முன்னதாகவும், உங்கள் வீடு 2015 ஜனவரி 1-க்கு முன்னதாகவும் இருந்து, அதைக் காகிதத்தில் காட்டவும் முடிந்தால் தகுதி. மாற்று வீடு இருப்பது நரேலாவில். நகரின் வடகோடி, ஜங்புராவிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல்.

மெட்ரோவில் போய், இறங்கி, பஸ் பிடித்து நரேலா சேர்வதற்குள் பாதி நாள் போய்விட்டது. அடுக்குமாடிக் கட்டடங்கள், பல வருடம் பூட்டிக் கிடந்து இப்போதுதான் ஆள் வைத்தவை. சுற்றிலும் வெட்டவெளி, தொழிற்பேட்டை. கீழே சிமென்ட் மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசிய தமிழ் கள்ளக்குறிச்சிப் பக்கத்தது. நடுவயதுக்காரர் ஒருவர் எனக்காக எழுந்து இடம் கொடுத்தார்.

“வீடு நல்லாத்தான் சார் இருக்கு. ரெண்டு ரூமு, கக்கூஸ் உள்ளயே. அங்க இருந்தத விட நல்ல வீடுதான். குத்தம் சொல்லக்கூடாது.”

“வேலை?”

“எம் பொண்டாட்டி நிஜாமுதீன்ல நாலு வீட்ல வேலை செஞ்சா. இப்ப ஒரு வீடுதான். போக வர அஞ்சு மணி நேரம் ஆனா எப்படி சார் நாலு வீடு பார்க்கிறது? பொண்ணு லோதி எஸ்டேட்ல நம்ம தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிக்குது. அத ஜங்புராவுல எங்க மாமியா ரூம்ல விட்டிருக்கோம். சனிக்கிழமை வரும்.”

ஊருக்குத் திரும்ப விரும்பினால் உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்ததைப் பற்றிக் கேட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் கையை ஆட்டினார். “எந்த ஊருக்கு தம்பி? இவன் பொறந்ததே கேம்ப்லதான். அங்க போயி யார் வீட்டுத் திண்ணையில உக்கார்றது?”

ஜங்புரா தொகுதியில் அந்த வருடம் பிப்ரவரியில் நடந்த தேர்தலில் ஆம் ஆத்மியின் மணீஷ் சிசோடியா தோற்றது 675 ஓட்டில். 370 வீடு, வீட்டுக்கு இரண்டு ஓட்டு என்றாலே அதைவிடக் கூடுதல். ஜுக்கி இருக்கும் இடத்திலேயே வீடு என்று தேர்தலில் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். இடிப்பு நடந்தது ஓட்டு எண்ணி நான்கு மாதம் ஆவதற்குள்.

வாக்காளர் அட்டையை நரேலாவுக்கு மாற்றிவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் தலையாட்டினார், இல்லை என்று.

“மாத்தச் சொல்லி ஆள் வந்தாங்க சார். இங்க மாத்துனாத்தான் பஸ்சு விடுவாங்க, ரேஷன் கடை வரும்னாங்க. நாங்க பாதிப் பேரு மாத்தல. வீடு கிடைக்காதவங்க இன்னும் அங்கதான் சுத்தி வாடகைக்கு இருக்காங்க, கேஸ் போட்டிருக்காங்க. அங்க எங்க பேரு லிஸ்ட்ல இருந்தாத்தானே அடுத்த எலெக்‌ஷனுக்கு ஒருத்தன் வந்து என்னான்னு கேப்பான்?”

பெரியவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இங்கேயே மாற்றிவிட்டு இங்கேயே பஸ் கேட்பதுதான் புத்தி என்றார். இருவரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசத் தொடங்கினார்கள். மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, இரண்டு அட்டை வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டார்.